இலுக்குக்குள் கிடந்த பந்து

நெல் குடலையாய் நிற்கும்போது தண்ணீர் நின்றுபோனால், அதைப் பார்த்துக்கொண்டு வரம்பில் நிற்கிறவனுக்கு முதலில் வருவது கோபம். அழுகையெல்லாம் பிறகுதான். குடலை என்பது கதிர் வெளியே வராமல் தண்டுக்குள்ளே திரண்டு கிடக்கிற பருவம். பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்கிற மாதிரிப் பார்க்க வேண்டும் என்பார்கள். அந்த நேரத்தில் வயிறு நிறையத் தண்ணீர் காட்டிவிட்டால் மிச்சத்தைப் பயிர் தானே பார்த்துக்கொள்ளும். காட்டாவிட்டாலும் கதிர் வரத்தான் செய்யும். கையில் பிடித்து உருவினால் உள்ளே ஒன்றும் இராது, வெறும் பதர்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு சிறுபோகத்தில், அதாவது வெயில்காலத்து வெள்ளாமையில், எங்கள் வட்டை முழுவதும் அப்படி நின்றது. ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடிக்கிற வயல்களின் கூட்டத்தைத்தான் வட்டை என்போம். அந்த வட்டைக்கு நான்தான் விதானை. தண்ணீர்முறை பார்க்கவும், வரம்புச் சண்டை தீர்க்கவும், கந்தோர் என்கிற அரசாங்க அலுவலகத்தின் படி ஏறி இறங்கவும் போகத் தொடக்கக் கூட்டத்தில் ஒருவனைப் பிடித்து விதானை ஆக்குவார்கள். மழை பெய்தால் அது அல்லாஹ்வின் ரஹ்மத், அவன் அருள். தண்ணீர் வராவிட்டால் அது விதானையின் குற்றம். இந்தப் பதவிக்கு யாரும் போட்டி போடுவதில்லை என்பதிலிருந்தே அதன் சிறப்பை அறிந்துகொள்ளலாம். என்னைப் பிடித்ததற்குக் காரணம் எனக்கு நாலு வார்த்தை இங்கிலீசு வரும் என்பதும், கலியாணத்துக்கு முன் உள்ளே அணைக்கட்டுப் பள்ளத்தாக்கில் இருந்த அந்த நீர்ப்பாசனக் கந்தோரிலேயே நான் கிளாக்கராக இருந்தவன் என்பதும்தான்.

கல்முனையில் என் பெயருக்கு ஒரு பிடி மண் கிடையாது. எங்கள் ஊர்களில் வீடும் காணியும் பெண்பிள்ளைக்குப் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவான். நானும் அப்படிப் போனவன். என் மனைவியின் வாப்பா, அவரை நான் மாமா என்பேன், காடு வெட்டித் திருத்திய வயலை அவளுக்குச் சீதனமாகக் கொடுத்திருந்தார். சிறுபிள்ளையில் அவள் போகத்துக்குப் போகம் வாப்பாவோடு வயல் வாடிக் குடிசையில் தங்கி வளர்ந்தவள். எந்த மதகடியில் தண்ணீர் தேங்கும், எந்த இடத்தில் மண் குடித்துவிடும் என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். எனக்குப் புரியாத வயல் விஷயங்களைச் சோறு தின்னும்போது அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மறுநாள் வாய்க்கால் கட்டில் நின்று என் சொந்த அறிவைப் போலப் பேசுவேன். ஊருக்கு அது தெரியாது.

அந்த வயல் வாய்க்காலின் கடைமடையில் இருந்தது. தண்ணீர் கடைசியாக வந்து முதலாவதாக நின்றுபோகிற இடம். போன பெரும்போகத்தை, மாரிகாலத்து வெள்ளாமையை, வெள்ளம் கொண்டுபோயிருந்தது. வீட்டில் நெல் மூட்டை அடுக்குகிற மூலையில் பிள்ளைகள் ஒளித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். மாமா, மாமி, நாங்கள் இரண்டு பேர், இரண்டு பிள்ளைகள், அத்தனை பேருக்கும் அடுத்த பெரும்போகம் வரைக்குமான சோறு அந்தக் குடலைக்குள்தான் கிடந்தது.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. ஊரைக் கூட்டி வெட்டைவெளியில் மழைத் தொழுகை தொழுதோம். இமாம் சால்வையைப் புரட்டிப் போட்டுத் துஆக் கேட்டார். நாங்கள் கையைக் கவிழ்த்துக்கொண்டு ஆமீன் சொன்னோம். வெயில் இன்னும் கொஞ்சம் கூடிற்று. சாகாமம் என்ற ஊரில் குளத்துக்கு அடியிலேயே வயல் வைத்திருக்கிற ஒருவன் வந்து, தன் பக்கத்துக் குளமும் சேறாகிவிட்டது என்று எங்களுக்கு ஆறுதல் சொன்னான். அது எந்த வகையில் ஆறுதல் என்று எனக்கு விளங்கவில்லை. கந்தோருக்கும் போய் வந்தேன். எஞ்சினியர் சேர் மீட்டிங்கில் என்றார்கள், சேர் வெளிக்களத்தில் என்றார்கள். திரும்பி வந்து பள்ளிவாசல் முற்றத்தில் சொன்னபோது கடைமடை வயல்காரர் ஒருவர், என் வாப்பாவின் வயதுக்காரர், என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"வெள்ளாமை செத்ததுக்கு மறுகா தண்ணி வந்து என்னத்துக்கு, விதானையார்? மையித்தக் குளிப்பாட்டவா?"

பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவருகிற விதானையாக இருக்க எனக்கு மனமில்லை. சேர் போகும் வெளிக்களம் எது என்று பழைய கிளாக்கரான எனக்குத் தெரியும். சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு அவர் கோல்ஃப் விளையாடுவார்.

அந்தப் பள்ளத்தாக்கில் அணை கட்ட வந்த பிறநாட்டார் திரும்பிப் போகும்போது விட்டுப்போன சாமான்களில் ஒன்று ஒன்பது குழிகள் கொண்ட அந்த மைதானம். கிளாக்கராக இருந்த காலத்தில் நானும் அதில் விளையாடியிருக்கிறேன். துரைமாருக்கு ஆள் குறைந்தால் ஏவலுக்குக் கூப்பிட்டு, பிடி தேய்ந்த பழைய மட்டைகளைத் தருவார்கள். வெட்டிச் சீராக்கிய புல்லில் நடந்துபோய், குழியில் நட்ட கொடியைக் குறிவைத்துப் பந்தை அடிக்க வேண்டும். நான் அடிக்கிற பந்து வெட்டிய புல்லில் ஒருநாளும் நிற்காது. இரு பக்கமும் வெட்டாமல் விட்ட இலுக்குப் பற்றைக்குள் போய்த்தான் படுத்துக்கொள்ளும். இங்கிலீசில் அதற்கு றஃப் என்று பெயர். அதற்குள்ளிருந்தே விளையாடி விளையாடி, அதிலிருந்து வெளியே வருவதில் மட்டும் நான் வல்லவன் ஆகிப்போனேன். அடிக்கடி சிறைக்குப் போகிறவனுக்குச் சிறையின் வாசல் தெரிவது மாதிரி.

சனிக்கிழமை மத்தியானத் தொழுகையான லுஹரைத் தொழுதுவிட்டு பஸ் ஏறினேன். மைதானத்துக்குப் போனபோது கண்ணில் பட்ட முதற்காட்சி, ஒரு குழியைச் சுற்றியிருந்த பச்சைப் புல்லுக்கு ஒருவன் ரப்பர்க் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டு நின்றது. வாய்க்காலில் பம்பு வைத்து இழுத்த தண்ணீர். எங்கள் வாய்க்காலின் தலைப்பு அது. அந்தப் புல்லில் கதிர் வராது, குடலை வராது, ஆடு மாடுகூட அதைத் தின்ன விடமாட்டார்கள். குழாயைப் பிடுங்கி அவன் தலையில் போட வேண்டும் போலிருந்தது. தண்ணீர் கேட்கப் போனவன் சண்டை பிடித்துக்கொண்டு வரக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

எஞ்சினியர் ஒரு கணக்காளரோடு விளையாடப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். தெற்கைச் சேர்ந்த சிங்களவர், எங்களோடு இங்கிலீசில்தான் கதைப்பார். பழக்கத்தில் மோசமான மனிதர் அல்ல. என்னை அடையாளம் கண்டுகொண்டார். வாயைத் திறந்தேன். தண்ணீர்க் கதை என்றால் ஆட்டம் முடிந்த பிறகு என்று கையை உயர்த்தினார். அவருக்கு மட்டைப்பை தூக்குகிறவன் அன்று வரவில்லை. பை புல்லில் கிடந்தது. நான் பையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அவர் தூக்கச் சொல்லவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். நானாகத்தான் குனிந்து தூக்கித் தோளில் மாட்டினேன். ஊரில் விதானையார், வீட்டில் மருமகன், இரண்டு பிள்ளைக்கு வாப்பா. அன்று பின்னேரம் சுமைகாரன். குடலை நெல்லை நினைத்துக்கொண்டு நடந்தேன். நினைக்காவிட்டால் அந்தப் பையைத் தூக்கி எறிந்திருப்பேன்.

ஒவ்வொரு குழியும் ஒரு தனிப் பந்தயம். குறைந்த அடியில் போட்டவனுக்கு அந்தக் குழி. மைதானத்தின் கடைசிப் பகுதிக்கு வரும்வரை இருவரும் சரிசமமாக வந்தார்கள். எஞ்சினியர் நல்ல மனநிலையில் இருந்தார். எட்டாவது குழியில் அவர் கை மேலோங்கியிருந்தது. கணக்காளர் மைதானத்து மணற்குழிக்குள் பந்தைப் போட்டு அடியை விரயமாக்கிக்கொண்டிருந்தார். எஞ்சினியரின் பந்து சற்று வழுக்கி, வாய்க்கால் கசிவு படுகிற ஒரு ஈரப் புல்லுக்குள் போய் நின்றது. பந்தைத் தேடிப் போனவன் நான். பார்த்தேன். பந்துக்குப் பக்கத்தில், செழித்து, தலை நிமிர்த்திக்கொண்டு, நெற்சப்பி.

நெல்லைப் போலவே நின்று நெல்லின் சாப்பாட்டைத் தின்கிற களை அது. அதைக் கண்டும் பிடுங்காமல் போகிற வயல்காரன் எங்கள் பக்கத்தில் இல்லை. அடுத்தவன் வயலில் கண்டாலும் பிடுங்கி வரம்பில் போட்டுவிட்டுத்தான் போவோம். என்ன செய்கிறேன் என்று மனம் அறியுமுன் நான் குந்தியிருந்தேன். வேரோடு பிடுங்கிய ஒரு பிடி நெற்சப்பி என் கையில் இருந்தது. பந்து சுத்தமான இடத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. றஃபில் கிடக்கிற பந்துக்குச் சுற்றியிருக்கும் ஒரு புல்லைக்கூட முறிக்கக்கூடாது என்பது அந்த விளையாட்டின் விதி. பை தூக்குகிறவன் செய்தாலும் குற்றம் ஆட்டக்காரனுக்குத்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

கணக்காளர் பார்த்துவிட்டார். கணக்காளர் என்றால் பார்க்கத்தானே செய்வார். மிக மரியாதையாக, மன்னிப்புக் கேட்கிற குரலில், அந்தக் குழி தனக்குச் சேர்கிறது என்றார். எஞ்சினியர் என் கையிலிருந்த களையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பந்தை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார். ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஏச்சுத் தீர்ந்த பிறகு மனிதன் இரங்குவான். பேசாமல் போகிறவனிடம் எதைக் கேட்பது? அவருக்குப் பின்னால் பையோடு நடந்தபோது, கடைமடைத் தண்ணீரை நானே என் கையால் வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். யா அல்லாஹ், யா அல்லாஹ் என்பதைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை. பின்னேரத்து அஸர்த் தொழுகைக்கு நேரமாகிறது என்பதும் ஒரு பக்கம் குத்திக்கொண்டிருந்தது.

மிச்சமிருந்தது கடைசிக் குழி. அதை எடுத்தால்தான் எஞ்சினியருக்குச் சமநிலை, இல்லாவிட்டால் தோல்வி. கோபத்தோடு அடித்த பந்து எங்கே போகும்? இலுக்குக்குள் போயிற்று. கணக்காளரின் பந்து வெட்டிய புல்லில் நோகாமல் நின்றது. கொடி தூரத்தில், குறுக்கே ஓடிய வாய்க்காலுக்கு அப்பால் தெரிந்தது. எஞ்சினியர் பையிலிருந்து நீளமான மர மட்டையை உருவினார். ஒரே அடியில் வாய்க்காலைத் தாண்டிக் கொடியடிக்குப் போய்விட நினைக்கிறார் என்று விளங்கிற்று.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனியாமல், பந்தைப் பார்த்தேன். இலுக்கின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தால் ஒரு கதை. இது உள்ளே இறங்கிப் புதைந்திருந்தது. புல்லின் சாய்வும் எங்கள் பக்கம் பார்த்து இருந்தது, அதாவது மட்டைக்கு எதிர்த்தாற்போல. நீள மட்டையை வீசினால் அந்த முரட்டுப் புல் மட்டையின் கழுத்தைப் பிடித்துத் திருகும். முகம் மூடிக்கொள்ளும், பந்து இடது பக்கம் தாழப் பறந்து வாய்க்காலுக்குள் விழும். நூறு முறை எனக்கு நடந்திருக்கிறது. குட்டையான, முகம் மலர்ந்த வெட்ஜ் மட்டையை எடுத்து, பிடியை இறுக்கி, பந்தைப் பின்காலுக்கு நேரே வைத்து, கோடரி போடுவதுபோல மேலிருந்து கீழே இறக்கினால் பந்து கிளம்பும். ஆனால் தூரம் போகாது. கொடியை மறந்துவிட்டு, பக்கவாட்டில் வெட்டிய புல் எங்கே அகலமாக இருக்கிறதோ அங்கே போட வேண்டும். ஓர் அடி நட்டம். அந்த நட்டத்தைச் சம்மதித்து ஏற்றுக்கொள்கிறவனுக்கு அடுத்த அடி சுத்தமான புல்லிலிருந்து கிடைக்கும். ஆசைப்படுகிறவனுக்கு மூன்று அடி போகும், குழியும் போகும்.

இதைச் சொல்வதா விடுவதா? சொல்லாமல் விட்டு அவர் வாய்க்காலில் போட்டால், தோற்ற கோபத்தோடு என் தண்ணீர்க் கதையைக் கேட்பார். சொல்லி, அதன்படி அடித்தும் தோற்றால், இரண்டு முறை கெடுத்த சனியன் என்று துரத்துவார். எப்படிப் பார்த்தாலும் முழங்கால் அளவு சேறு. நான் கிட்டப் போய், தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். கிடைக்காததை விட்டுவிடுங்கள் சேர், ஓர் அடியைக் கொடுத்து மிச்சத்தைக் காப்பாற்றுங்கள் என்று இங்கிலீசில் சொன்னேன். வெட்ஜை எடுத்து நீட்டினேன்.  அவர் கொஞ்ச நேரம் கொடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மர மட்டையை என்னிடம் தந்தார்.

பந்து சோம்பேறித்தனமாக எழும்பி வெட்டிய புல்லின் நடுவில் விழுந்தது. கணக்காளர் சிரித்தார். எதிரி பின்வாங்கியதைக் கண்டவருக்குத் துணிச்சல் வந்துவிட்டது போலும். முடித்துவிடுவோம் என்று நீள மட்டையை எடுத்து அடித்தார். பந்து வாய்க்காலுக்குள் விழுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. எஞ்சினியர் அடுத்த அடியில் வாய்க்காலைத் தாண்டிக் கொடிக்குப் பக்கத்தில் போட்டார். பிறகு தட்டி உள்ளே விட்டார். சமநிலை. என் தோளில் கையை வைத்து உலுக்கினார். அந்த நேரம் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. எங்கள் நெல் பிழைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

கிளப் விறாந்தையில் கதிரை போட்டு இருத்தி, தேநீர் எடுத்துத் தரச் சொன்னார். கணக்காளரும் கூட இருந்தார். எஞ்சினியர் தானாகவே தண்ணீர்க் கதையைத் தொடங்கினார். அணைக்கட்டில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை ஒளிக்காமல் சொன்னார். எங்கள் வாய்க்காலுக்கு அவர் தரக்கூடியது ஒரு முறைத் தண்ணீர். வட்டை முழுவதற்கும் திறந்துவிட்டால் மேல்பகுதிக்கும் போதாது, கடைமடைக்கும் போய்ச் சேராது, எல்லாம் பதராகும். ஓரிடத்தில் வாய்க்காலை அடைத்து, அதற்கு மேலே உள்ளவற்றுக்கு மட்டும் கொடுத்தால் அவை முழுதாகப் பிழைக்கும். இத்தனை நாளும் அந்த முடிவை எடுக்க மனம் வராமல் இழுத்துக்கொண்டிருந்தாராம். இன்றைக்கு மனம் தெளிந்துவிட்டதாம்.

"சற்றுமுன் நீதானே சொன்னாய்," என்றார். பரிகாசமாகச் சொல்லவில்லை. உண்மையான மரியாதையோடு சொன்னார்.

வயலும் பந்தும் ஒன்றா சேர் என்று கேட்டேன். பந்து தொலைந்தால் இன்னொரு பந்து எடுக்கலாம். கடைமடையில் இருபது குடும்பத்துக்கு மேல் இருக்கிறது, அவர்களுக்கு இன்னொரு குடலை இல்லை என்றேன்.  மன்றாடினேன். வாழ்க்கையில் யாரிடமும் அப்படி மன்றாடியதில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீரை என்னால் உண்டாக்க முடியாது என்றார்.  பிறகு, எங்கே அடைப்பது என்று என்னையே கேட்டார். மண்ணை அறிந்தவன் நீ, நீ சொல்லாவிட்டால் நான் வரைபடத்தைப் பார்த்து நடுவில் ஒரு கோடு போடுவேன், அது பிழையான இடமாகவும் போகலாம் என்றார். நாளைக் காலையில் ஆட்களை அனுப்ப வேண்டும், இப்போதே சொல் என்றார்.

சரியான இடம் எனக்குத் தெரியும். வாய்க்காலில் ஓரிடத்தில் மணல்பாங்கான ஒரு துண்டு இருக்கிறது. எவ்வளவு விட்டாலும் அது குடித்துவிடும். அந்த மணலுக்கு மேலே ஒரு மதகு. அங்கே அடைத்தால் ஒரு சொட்டும் வீணாகாது. மணலைத் தாண்டியதும் வருகிற முதல் வயல் என் மனைவியுடையது. ஒரு மதகு கீழே தள்ளிச் சொன்னால் எங்கள் வயலுக்கு ஏதாவது கிடைக்கும், அந்த ஏதாவதுக்காக மேலே உள்ள எல்லோரும் அரைகுறையாக நிற்பார்கள்.

வீட்டில் ஒரு சொல் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. எஞ்சினியரும் கணக்காளரும் கதிரையில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் எந்த ஆம்பிளைக்கு அவர்கள் முன்னால் அப்படிச் சொல்ல வாய் வரும்? மணலுக்கு மேலே உள்ள மதகைச் சொன்னேன். அதற்குக் கீழே என் வயலும் இருக்கிறது என்பதையும் சொன்னேன். "என் வயல்" என்றுதான் சொன்னேன். கணக்காளர் தலையை ஆட்டி, பெரிய மனது என்றார்.

நான் கடைசி பஸ்ஸில் வந்து இறங்கியபோது வீடு தூங்கிவிட்டிருந்தது, யாரையும் எழுப்பவில்லை. மறுநாள் சுபஹு தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் எல்லோரையும் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். மேல்பகுதிக்காரர்கள் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு, கடைமடைக்காரர்களின் முகத்தைப் பார்க்க முடியாமல் செருப்பைத் தேடினார்கள். கடைமடைக்காரர்கள் எழும்பவில்லை. மையித்தைப் பற்றிக் கேட்டவர் என்னிடம் வந்து, உன் வயலும் அடைப்புக்குக் கீழேயா என்று கேட்டார். ஓம் என்றேன். ஏசத் திறந்த வாயை அவர் மூடிக்கொண்டார். சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சபர் செய்வோம், பொறுத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுப் போனார். இனி யாரும் என்னைப் பார்த்து விரலை நீட்ட முடியாது என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அந்த நாசமாய்ப் போன இரண்டு நாளில் எனக்கு மிஞ்சியிருந்த ஒரே ஆறுதல் அதுதான்.

வீட்டில் விஷயம் எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. மேல்பகுதி வயல்காரர் ஒருவரின் மனைவி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, உங்கட மாப்பிள்ளை செய்த தியாகத்துக்கு அல்லாஹ் பரக்கத் செய்வான் என்று துஆச் செய்துவிட்டுப் போயிருந்தாள். என் மனைவி அடுப்படிக் குசினி வாசலில் உட்கார்ந்து தாக்கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தாள். நெல்லறுக்கிற அந்தக் கத்திக்கு இந்தப் போகத்தில் இனி வேலை இல்லை என்று நான் நினைத்திருந்தேன். மாமா வெளியில் மாட்டுவண்டியைப் பூட்டிக்கொண்டு நின்றார். காய்ந்து சருகாகுமுன் பச்சையாக அறுத்தால் மாட்டுக்காவது ஆகும்.

நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பை தூக்கியதைச் சொன்னேன், நெற்சப்பியைச் சொன்னேன், கடைசிக் குழியைச் சொன்னேன். விறாந்தையில் கேட்ட கேள்வியையும் சொன்ன பதிலையும் சொன்னேன். நம் வயலைக் காப்பாற்றப் பார்த்தான் என்று ஒருத்தனும் சொல்ல முடியாதபடி செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்றேன். அவள் தீட்டுவதை நிறுத்தவில்லை. முடிந்த பிறகு கத்தியின் கூர்மையை விரலால் பார்த்தாள்.

"விட்டுக் குடுக்க அது உங்கட காணியா?"

 வேறு வழி இருக்கவில்லை, அந்த மணல் எல்லாத் தண்ணீரையும் குடித்திருக்கும் என்று என்னத்தையோ முனகினேன்.

"மணல் குடிக்கிமெண்டு உங்களுக்குச் சென்னதே நான்தானே," என்றாள். குரல் உயரவில்லை. "எங்கிட்ட வந்து கேட்டிருந்தா நானும் அந்த மதகத்தான் காட்டியிருப்பன். கேக்கல்லியே."

முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு எழும்பினாள். நானும் கூட அறுக்க வருகிறேன் என்று எழும்பினேன். நீங்க பள்ளிக்குப் போங்க, உங்களுக்குத் துஆச் செய்ய ஆக்கள் பாத்துட்டு நிப்பாங்க என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். மாமா என்னைத் திரும்பிப் பார்க்காமல் மாட்டை ஓட்டினார். அதற்குப் பிறகு அவள் கூப்பிடாமல் அந்த வயலில் கால் வைப்பதில்லை என்று நான் முடிவுசெய்தேன். பெரும்போகம் வந்தது, மழையும் வந்தது. அவள் கூப்பிடவில்லை.